வங்குரோத்து அங்கே, பூட்டு இங்கே! தேர்மினி இமெரேசே போய் வந்தோம்

லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ உறவினர் யாராவது பலெர்மோ வந்தால் நாங்கள் காட்டும் இடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். மொந்தே பெல்லெக்ரீனோ மலையில் புனித றொசாலியாவின் குகைக்கோவில், மொந்தெல்லோ கடற்கரை, மொன்றியாலே பேராலயம், கடைசியாகப் பல்லரோ சந்தையில் கத்தரிக்காயும் மீனும். சைவக்காரரும் வேதக்காரரும் ஒன்றாகச் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகின்ற மலை உலகத்தில் வேறெங்கும் உண்டா என்று வந்தவர்கள் கேட்பார்கள். எங்களுக்கும் அதில் ஒரு பெருமை.

ஆனால் பலெர்மோவிலிருந்து சுமார் 37 கிலோமீற்றர் தூரத்தில், கடற்கரையோரம், ஒரு பெரிய கார் ஆலை பூட்டிக் கிடக்கிறது. அதை யாரும் யாருக்கும் காட்டுவதில்லை. அதை நாங்கள் போய்ப் பார்த்தோம். தொழிற்சாலையில் கைவேலை செய்யும் நாலு பேர் ஏன் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்துப் பூட்டிய ஆலையைப் பார்க்கப் போனோம் என்பதையும், அங்கே என்ன அறிந்தோம் என்பதையும் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

பலெர்மோவில் எம்மவரில் அநேகர் வீட்டுவேலையும் முதியோர் பராமரிப்பும் செய்பவர்கள். தொழிற்சாலையில் நிற்பவர்கள் குறைவு. நாங்கள் நால்வரும் நகரத்தின் ஓரத்தில் உள்ள ஒரு சிறிய பொதியிடும் தொழிற்சாலையில் வேலை. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர்கள். போன மாரிகாலத்திலிருந்து அங்கே சம்பளம் பிந்தத் தொடங்கியது. பிறகு 'றிஸ்துறுத்துறாட்சியோனே' என்ற சொல் எங்கள் காதில் விழத் தொடங்கியது. மறுசீரமைப்பு என்று பொருள். சொல் நல்ல சொல்லாகத்தான் தெரிந்தது. அது வந்தால் என்ன நடக்கும் என்று எங்களோடு வேலை செய்யும் ஒரு சிசிலியப் பெண்ணிடம் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, "என்ரை அப்பாவைக் கேளுங்கோ, அவர் அதிலைதான் கிழவனானவர்" என்றார். அவருடைய தகப்பனார் 1980 முதல் தேர்மினி இமெரேசே பியற் ஆலையில் வேலை செய்தவர். அப்படித்தான் இந்தப் பயணம் உண்டானது.

புகையிரதப் பாதை

பலெர்மோ மத்திய நிலையத்தில் ஏறினால் அரை மணித்தியாலப் பயணந்தான். கிழக்கே போகும்போது இடப்பக்கம் கடல். பகேரியா, சாந்தா பிளாவியா, திராபியா என்று ஒவ்வோர் ஊராக வரும். எலுமிச்சைத் தோட்டங்களும் மீன்பிடி வள்ளங்களும் மாறி மாறித் தெரியும். யன்னலோரம் இருந்தவர், "காங்கேசன்துறைக்கு யாழ்தேவியிலை போற மாதிரிக் கிடக்கு" என்றார். கடலை ஒட்டிப் போகும் பாதை அங்கே இல்லையே என்று மற்றவர் திருத்தினார். ஆனால் அவர் சொன்னது இடத்தையல்ல என்பது எல்லோருக்கும் விளங்கியது.

தேர்மினி பழைய ஊர். மேலே ஒரு பாதி, கீழே கடலோடு ஒரு பாதி. வெந்நீர் ஊற்றுக்களால் வந்த பெயர். பின்னால் சான் கலோஜெரோ மலை 1,326 மீற்றர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. ஊருக்குக் கிழக்கே ஈமேரா என்ற கிரேக்கப் பட்டினத்தின் இடிபாடுகள் உள்ளன. கி.மு. 409இல் கார்த்தேஜ் படைகள் அந்தப் பட்டினத்தை அழித்தன. தப்பியவர்கள் தேர்மினியில் குடியேறினார்கள் என்று ரோமானியப் பேச்சாளர் சிசெரோ எழுதிவைத்திருக்கிறார். அதாவது இதுவும் ஒரு வகையில் அகதிகள் வந்தேறிய ஊர். அதைப் படித்த பின்பு அந்த ஊரில் கால் வைக்க எங்களுக்கு அந்நியமாக இருக்கவில்லை.

நிலையத்தில் அந்தப் பெரியவர் தன் பழைய பாண்டா காரோடு காத்து நின்றார். அறுபத்தைந்தைத் தாண்டியவர். எங்களைப் பார்த்ததும் "பிச்சோத்தி" என்றார். எங்கள் ஊரில் "தம்பிமார்" என்பதுபோலச் சிசிலியர் சொல்லும் சொல் அது. நாங்கள் அவரை "சியோ" என்றோம். மாமா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இங்கே ஓர் ஆலை?

பியற் நிறுவனம் 1899இல் வடக்கே தொரினோ நகரத்தில் தொடங்கியது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தென் இத்தாலியிலிருந்து இலட்சக்கணக்கானோர் வேலை தேடி வடக்கே போனார்கள். தொரினோவில் அவர்களுக்கு வீடு கிடைப்பது பெரும்பாடு. "தெற்கத்தியாருக்கு வாடகைக்கு இல்லை" என்று வாசலில் எழுதித் தொங்கவிட்ட காலம் அது. இதை மாமா சொன்னபோது நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்கு மட்டுமே எழுதப்பட்ட பலகை என்று நாங்கள் நினைத்திருந்தது இந்நாட்டவருக்கே முதலில் எழுதப்பட்டிருக்கிறது.

தெற்கிலேயே வேலை கொடுத்தால் சனம் ஊரைவிட்டுப் போகாது என்று அரசாங்கம் நினைத்தது. அதன் பலனாக 1970இல் தேர்மினியில் 'சிசில்பியற்' என்ற பெயரில் ஆலை திறக்கப்பட்டது. முதலில் சிசிலி மாநில அரசும் அதில் பங்காளி. பின்னர் முழுவதும் பியற்றின் கைக்கு வந்தது. தொடக்கத்தில் சில நூறு தொழிலாளர்கள். எண்பதுகளில் மூவாயிரத்துக்கும் மேல். பியற் 500 என்ற அந்தச் சின்னஞ்சிறிய புகழ்பெற்ற காரின் கடைசி வண்டி 1975 ஓகஸ்டில் இந்த ஆலையிலிருந்துதான் வெளியே வந்தது. அதன்பின் 126, பாண்டா, பூந்தோ, கடைசியாக லான்சா இப்சிலோன்.

மாமா பாண்டா வரிசையில் கதவு பூட்டியவர். ஒரு கதவுக்கு இத்தனை வினாடி என்ற கணக்கு இன்றும் அவர் கையில் இருக்கிறது. எங்கள் கார்க் கதவைச் சாத்தும்போதுகூட ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் சாத்தினார்.

ஆலைச் சுவரோரம் போய் நின்றோம். நீளம் கண்ணுக்கு முடியவில்லை. ஒரு பக்கம் புகையிரதப் பாதை, மறுபக்கம் கடல், சற்றுத் தள்ளி மின்சார நிலையத்தின் புகைபோக்கிகள். தொழிலாளர் வண்டி நிறுத்தும் வெளியில் புல் முளைத்திருந்தது. எங்களில் காங்கேசன்துறைக்காரர் ஒருவர் உண்டு. அவர் கொஞ்ச நேரம் பேசவேயில்லை. பிறகு, "எங்கடை சீமெந்து ஆலையும் இப்பிடித்தான்" என்றார். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950இல் தொடங்கி 1990இல் யுத்தத்தால் நின்றது. பரந்தன் இரசாயன ஆலை 1985இல் நின்றது. ஆனையிறவு உப்பளம் 1990இல். ஓர் ஆலை நின்றால் அதைச் சுற்றி இருந்த தேத்தண்ணிக் கடை, சைக்கிள் கடை, பள்ளிக்கூடம் எல்லாம் என்னவாகும் என்று எம்மவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் எங்கள் ஆலைகள் குண்டில் நின்றன. இந்த ஆலை கணக்கில் நின்றது. அந்தக் கணக்குத்தான் எங்களுக்குப் புதிது.

2002 முதல் எச்சரிக்கை

தொண்ணூறுகளின் கடைசியில் பியற்றின் கார் விற்பனை சரியத் தொடங்கியது. 2000இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் பியற்றின் கார்ப் பிரிவில் 20 வீதப் பங்கு வாங்கியது. 2002 ஒக்ரோபரில் பியற் நாடு முழுவதும் 8,100 பேரை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது தேர்மினியும் அதில் அகப்பட்டது. அந்த மாரியில் ஊரே தெருவுக்கு வந்தது. நெடுஞ்சாலையை மறித்தார்கள், தண்டவாளத்தில் இருந்தார்கள். தொழிலாளரின் மனைவிமார் தனியே ஓர் அணியாகத் திரண்டு ரோமாபுரி வரை போனார்கள். ஆலை 2003இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. "அந்த முறை பெண்டுகள்தான் எங்களைக் காப்பாற்றினது" என்றார் மாமா.

2004 யூனில் பியற்றின் தலைமைக்கு செர்ஜியோ மார்க்கியோன்னே வந்தார். அவரைப்பற்றி எம்மவர் அறிய வேண்டிய ஒன்று உண்டு. இத்தாலியின் கியேத்தி நகரில் பிறந்து, பதினான்கு வயதில் பெற்றோருடன் கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர். ரொறன்ரோவில் வளர்ந்த புலம்பெயர் பிள்ளை. 2005இல் ஜெனரல் மோட்டோர்ஸ் பியற்றை முழுவதும் வாங்க வேண்டிய கட்டாய ஒப்பந்தத்திலிருந்து விலக, சுமார் 155 கோடி யூரோவைக் கொடுத்துவிட்டுப் போனது. அந்தப் பேரத்தை முடித்தவர் இவர்தான்.

வங்குரோத்தும் வாய்ப்பும்

2008இல் உலகப் பணநெருக்கடி வந்தது. அமெரிக்காவில் கார் வாங்க ஆளில்லை. டிறொயிற்றின் மூன்று பெரிய நிறுவனங்களில் இரண்டு வீழ்ந்தன. 2009 ஏப்ரல் 30இல் கிறைஸ்லர் நீதிமன்றத்தில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டது. யூன் 1இல் ஜெனரல் மோட்டோர்ஸ் கேட்டது. அந்த ஏப்ரல் 30இல் எங்களில் இருவர் முள்ளிவாய்க்காலில் இருந்தோம். கார் நிறுவனம் விழுந்த செய்தி எங்களுக்கு எட்டியிருக்க வழியில்லை. எட்டியிருந்தாலும் எங்களுக்கு என்ன?

வங்குரோத்து என்ற சொல்லை எங்கள் ஊரில் வியாபாரிகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது ஒல்லாந்தர் காலத்தில் எங்கள் மொழிக்கு வந்த சொல். ஒல்லாந்தருக்கு அது போனது இத்தாலியிலிருந்து. 'பாங்கா றொத்தா' என்றால் உடைந்த வாங்கு. கடனைக் கட்ட முடியாத வணிகனின் வாங்கைச் சந்தையில் உடைத்துப்போடுவார்களாம். நாங்கள் கையில் கொண்டுவந்த சொல் பிறந்த நாட்டிலேயே வந்து நிற்கிறோம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அமெரிக்க வங்குரோத்துச் சட்டத்தில் பதினோராம் அத்தியாயம் என்று ஒன்று உண்டு. வாங்கை உடைப்பதல்ல அதன் நோக்கம். நல்ல பலகைகளைக் கழற்றிப் புதிய வாங்கு செய்து, உடைந்த பலகைகளைக் கடன்காரரிடம் விட்டுவிடுவது. கிறைஸ்லரின் நல்ல ஆலைகளும் பெயர்களும் ஒரு புதிய நிறுவனத்துக்கு மாற்றப்பட்டன. அமெரிக்க, கனடிய அரசாங்கங்கள் கடன் கொடுத்தன. ஆறு வாரத்தில், 2009 யூன் 10இல், புதிய கிறைஸ்லர் வெளியே வந்தது.

அதன் பங்குகள் யாருக்குப் போயின என்பது முக்கியம். இளைப்பாறிய தொழிலாளரின் வைத்தியச் செலவுக்கான தொழிற்சங்க நிதியத்துக்கு 55 வீதம். பழைய நிறுவனம் அந்த நிதியத்துக்குக் கொடுக்க வேண்டியிருந்த காசில் ஒரு பகுதிக்குப் பதிலாக இந்தப் பங்கு. பியற்றுக்கு 20 வீதம். அதற்குப் பியற் கொடுத்தது காசு அல்ல, சிறிய கார் செய்யும் தொழில்நுட்பம். அமெரிக்காவில் சிக்கனமான இயந்திரம் செய்வது, வெளிநாட்டு விற்பனையைக் கூட்டுவது, கலனுக்கு 40 மைல் ஓடும் கார் செய்வது என்று மூன்று நிபந்தனைகளை நிறைவேற்ற நிறைவேற்றப் பங்கு கூடும் என்பது ஒப்பந்தம்.

தொழிலாளர் என்ன கொடுத்தார்கள்? 2015 வரை வேலைநிறுத்தம் செய்வதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு மணித்தியாலத்துக்குச் சுமார் 14 டொலர். பக்கத்தில் நின்று அதே வேலை செய்கிற பழையவருக்குச் சுமார் 28. கார் விற்கும் முகவர்களில் 789 பேரின் உரிமை நீக்கப்பட்டது. அத்தனைக்கும் பிறகு நிறுவனம் நிமிர்ந்தது. 2011 மே மாதத்தில் அரசாங்கக் கடனை வட்டியோடு திருப்பிக் கொடுத்தது. டிறொயிற்றில் ஜீப் செய்யும் ஆலையில் மூன்றாவது வேலைமுறை தொடங்கியது. 2014 சனவரியில் மிகுதிப் பங்குகளையும் வாங்கிப் பியற் கிறைஸ்லரின் முழு உரிமையாளரானது.

தேர்மினிக்கு என்ன நடந்தது?

கிறைஸ்லர் வங்குரோத்திலிருந்து வெளியே வந்த அதே 2009 யூன் மாதத்தில்தான், 2011க்குப் பிறகு தேர்மினியில் கார் செய்யப்போவதில்லை என்று மார்க்கியோன்னே அறிவித்தார். அந்த ஆண்டு டிசெம்பரில் அதை உறுதிப்படுத்தினார். விழுந்தது அமெரிக்காவின் நிறுவனம். அதைத் தூக்கப் போனவருடைய வீட்டில் ஓர் அறை பூட்டப்பட்டது.

அவருடைய நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஐரோப்பாவில் விற்கக்கூடியதைவிட அதிகமான கார்களைச் செய்யும் ஆலைகள் இருந்தன. தேர்மினி தீவில் இருக்கிறது. உதிரிப்பாகங்களில் பெரும்பகுதி மெசினா நீரிணையைக் கடந்து வர வேண்டும், செய்த கார் திரும்பவும் கடல் கடந்து போக வேண்டும். மற்ற ஆலைகளைவிட இங்கே ஒரு காருக்கு ஆயிரம் யூரோ அதிகம் செலவாகிறது என்பது நிறுவனத்தின் கணக்கு. நாற்பது ஆண்டுகளாக அரசு உதவி வந்தும், பாகங்கள் செய்யும் ஆலைகள் போதிய அளவு இங்கே வளரவில்லை. துறைமுகமும் அதற்கேற்ப விரியவில்லை. அது யாருடைய குற்றம் என்று கேட்டால் மாமா இரண்டு கையையும் விரிக்கிறார். ஒரு கை தொரினோவுக்கு, மற்றக் கை பலெர்மோ மாநில அரசுக்கு என்கிறார்.

மற்ற ஆலைகளிலும் மறுசீரமைப்பு நடந்தது. நாப்போலிக்குப் பக்கத்தில் பொமில்யானோ ஆலைக்குப் போலந்திலிருந்து பாண்டாவைக் கொண்டுவருவோம், ஆனால் வேலைமுறையும் ஓய்வுநேரமும் லீவும் நாங்கள் சொல்கிறபடி மாற வேண்டும் என்றது நிறுவனம். 2010 யூனில் வாக்கெடுப்பு வைத்தார்கள். அறுபது வீதத்துக்கு மேல் ஆம் என்றார்கள். 2011 சனவரியில் தொரினோ மிறாபியோரியில் 54 வீதம். மெல்பி ஆலையில் 2014 முதல் அமெரிக்கப் பெயரான ஜீப் வண்டிகளே செய்யப்பட்டன. ஆகவே கிறைஸ்லரை வாங்கியதால் இத்தாலித் தொழிலாளருக்குப் பலனே இல்லை என்று சொல்ல முடியாது. தேர்மினிக்கு மட்டும் வாக்குப்பெட்டி வரவில்லை. "கஷ்டமான நிபந்தனைக்கு ஓமா இல்லையா எண்டு கேட்டாலும் பரவாயில்லை, எங்களைக் கேட்கவே இல்லையே" என்பதுதான் மாமாவின் மனக்குறை.

2011 நவெம்பர் 24இல் கடைசி இப்சிலோன் வரிசையிலிருந்து இறங்கியது. அதன் அடுத்த வடிவம் போலந்தின் திகி நகரத்தில் செய்யப்பட்டது. அப்போது ஆலையில் சுமார் 1,500 பேர். ஆசனம், பாகம் செய்து கொடுத்த சிறிய நிறுவனங்களின் ஆட்களைச் சேர்த்தால் இரண்டாயிரத்தைத் தாண்டும்.

வந்தவர்களும் போனவர்களும்

பூட்டிய பின்பும் கதை முடியவில்லை. முதலில் சீன உதிரிப்பாகங்களைக்கொண்டு கார் பொருத்தும் ஓர் இத்தாலிய நிறுவனம் எடுத்து நடத்தும் என்றார்கள். அதற்கு வங்கிகள் கடன் கொடுக்கவில்லை. 2012இல் அது கைவிடப்பட்டது. 2014 கடைசியில் புளூத்தெக் என்ற நிறுவனம் வந்தது. மின்சார வண்டி செய்வோம் என்றது. கொஞ்சப்பேரைத் திரும்ப எடுத்தது. 2019 மார்ச்சில், ஆலையைத் தொடக்கக் கொடுத்த பொதுப்பணத்தை வேறு வழியில் திருப்பினார்கள் என்ற குற்றச்சாட்டில் அதன் தலைவர்கள் கைதானார்கள். நிறுவனம் அரசு நியமித்த ஆணையாளரின் நிர்வாகத்துக்குள் போனது. 2024இல் பெல்லிக்றா என்ற அவுஸ்திரேலியக் குழுமத்துக்கு ஆலையை விற்க அரசு வழிவிட்டது. சிசிலியிலிருந்து அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்து போன ஒரு குடும்பத்தின் குழுமம் அது. ஊரில் வேலை இல்லாமல் போனவர்களின் பிள்ளைகள் ஊரின் ஆலையை வாங்க வருகிறார்கள்.

பியற்றும் அப்படியே இல்லை. மார்க்கியோன்னே 2018இல் காலமானார். பியற் கிறைஸ்லர் 2021 சனவரியில் பிரான்சின் பீஜோ நிறுவனத்தோடு சேர்ந்து ஸ்தெல்லாந்திஸ் ஆனது.

இத்தனை ஆண்டும் தேர்மினித் தொழிலாளர் எப்படிச் சீவித்தார்கள்? 'கஸ்ஸா இந்தேக்றாட்சியோனே' என்ற முறையால். வேலை நின்றாலும் ஆளை நிறுத்தாமல் நிறுவனத்தின் பதிவில் வைத்துக்கொண்டு, சம்பளத்தின் 80 வீதத்தை, ஓர் உச்சவரம்புக்குள், இன்ப்ஸ் கொடுக்கும். தேர்மினியில் அதை ஆண்டுதோறும் நீட்டி நீட்டிப் பத்தாண்டுக்கு மேல் கொண்டுபோனார்கள். மாமா அப்படியே ஓய்வூதியத்தைப் பிடித்துவிட்டார். "சாப்பாட்டுக்குக் குறைவில்லை, தம்பிமார். ஆனால் காலமை எழும்பி எங்கை போறது?" என்றார். அவருடைய மகன்மார் இருவரும் வடக்கே. ஒருவர் ஜேர்மனியில். வேலை கொடுத்தால் சனம் ஊரைவிட்டுப் போகாது என்று திறந்த ஆலையின் தொழிலாளியின் வீட்டில் இன்று அவரும் மனைவியும் இந்த ஒரு மகளும் மட்டும்.

எங்களுக்கு இதில் என்ன?

மாமாவின் வீட்டில் சாப்பிட்டபின் எங்கள் தொழிற்சாலைக் கதையைச் சொன்னோம். இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை. முதலாளி, நிறுவனத்தை மூடிப் புதுப் பெயரில் திறக்கப்போவதாகவும், நாங்கள் எல்லோரும் சுயமாக விலகுவதாக ஒப்பமிட்டால் புதிய நிறுவனத்தில் எடுப்பதாகவும் சொல்கிறார். எங்கள் நால்வரில் ஒருவருக்குக் கைக்குழந்தை. ஒருவருக்கு ஊரில் தங்கையின் கலியாணக் கடன். ஒப்பமிடுவோமா, வடக்கே போய்விடுவோமா என்று இரவிரவாகப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

மாமா மேசையில் கையை வைத்து, "ஒண்டிலும் ஒப்பமிடாதேங்கோ" என்றார். அடுத்த நாளே எங்களைப் பலெர்மோவில் ஒரு தொழிற்சங்கத்தின் பத்ரொனாத்தோவுக்குப் போகச் சொன்னார். அங்கே அறிந்தவற்றை, எம்மவர் யாருக்கும் உதவலாம் என்பதால், இங்கே வரிசையாகத் தருகிறோம்.

முதலாவது, சுயமாக விலகினால் 'நாஸ்பி' என்ற வேலையற்றோர் கொடுப்பனவு பொதுவாகக் கிடைக்காது. ஆனால் சம்பளம் தராத காரணத்தால் விலகுவது 'ஜுஸ்தா கவுசா', அதாவது நியாயமான காரணம். அப்படி விலகினால் கிடைக்கும். என்ன காரணத்துக்காக விலகுகிறோம் என்று பதிகிறோமோ அதிலேதான் எல்லாம் இருக்கிறது. 2016 முதல் விலகலைக் கணினி வழியாகத்தான் பதிய வேண்டும். முதலாளி நீட்டும் வெறுங்கடதாசி செல்லாது.

இரண்டாவது, வேலை போனபின் 68 நாட்களுக்குள் நாஸ்பிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

மூன்றாவது, நிறுவனம் வங்குரோத்தானால் எங்கள் காசு அதோடு போய்விடாது. முன்பு 'பல்லிமெந்தோ' என்றார்கள். 2022 யூலையிலிருந்து சட்டத்தில் அதன் பெயர் 'லிக்விதாட்சியோனே ஜுதிட்சியாலே'. பெயர் மாறியதால் வேறு ஏதோ என்று எண்ணிவிடாதீர்கள். நீதிமன்றம் நியமிக்கும் பொறுப்பாளரிடம், குறித்த தவணைக்குள், எங்களுக்கு வர வேண்டிய தொகையை எழுதிக் கொடுக்க வேண்டும். சேவைக்காலப் பணத்தையும் கடைசி மூன்று மாதச் சம்பளத்தையும், உச்சவரம்புக்குள், இன்ப்ஸின் உத்தரவாத நிதியம் கொடுக்கும். அதற்குச் சம்பளச் சிட்டைகள் வேண்டும். ஒவ்வொரு சிட்டையையும் பத்திரமாக வையுங்கள்.

நாலாவது, வேலை போனால் வேலைக்கான வதிவிட அனுமதியும் உடனே போய்விடும் என்று எம்மவரிடையே ஒரு பயம் உண்டு. அப்படி இல்லை. வேலையற்றவராகப் பதிந்தால் குறைந்தது ஓராண்டு, அல்லது கொடுப்பனவு வரும் காலம் முழுவதும், தங்கியிருந்து வேலை தேடலாம். அகதி அந்தஸ்துப் பெற்றவர்களின் அனுமதி வேலையோடு கட்டப்பட்டதே அல்ல. இந்தப் பயத்தால்தான் எம்மவர் பலர் எந்தக் கடதாசியிலும் ஒப்பமிட்டுவிடுகிறார்கள்.

நாங்கள் ஒப்பமிடவில்லை. சம்பள நிலுவைக்குத் தொழிற்சங்கம் மூலம் கடிதம் போயிருக்கிறது. ஒரு மாதக் காசு வந்துவிட்டது, மற்றதற்கு ஓடிக்கொண்டிருக்கிறோம். எங்களில் ஒருவர் மட்டும் பிள்ளைகளின் படிப்பை நினைத்து றெஜ்ஜோ எமிலியாவுக்குப் போக முடிவு செய்துவிட்டார். அவரைக் குறைசொல்ல யாருக்கும் வாய் இல்லை.

கிறைஸ்லரில் தொழிலாளர் நிறைய விட்டுக்கொடுத்தார்கள். ஆனாலும் கணக்குப் பார்த்த மேசையில் அவர்களுடைய சங்கத்துக்கு ஒரு கதிரை இருந்தது, பங்கும் கிடைத்தது. தேர்மினியில் கதிரை கிடைத்தபோது முடிவு எழுதப்பட்டுவிட்டது. எங்களைப் போன்ற சிறிய இடங்களில் மேசையே இல்லை, முதலாளியின் பேனா மட்டுந்தான். நாலு பேர் சேர்ந்து போய் ஒரு சங்கத்தில் பதிந்தால் ஒரு சின்ன வாங்காவது கிடைக்கும். அது உடையாமல் பார்த்துக்கொள்வது எங்கள் கையில்.

அடுத்த முறை உறவினர் வந்தால் தேர்மினிக்கும் ஒருமுறை கூட்டிப்போங்கள். மேலூரில் நின்றால் கடல் முழுவதும் தெரியும். மாசி மாதத்தில் சிசிலியின் மிகப் பழைய கார்னிவல்களில் ஒன்று அங்கே நடக்கும், பிள்ளைகள் மகிழ்வார்கள். திரும்பும்போது ஆலைச் சுவரையும் காட்டுங்கள். பாண்டா ஓட்டும் எம்மவர் பலெர்மோவில் எத்தனையோ பேர். எண்பதுகளில் செய்த பழைய பாண்டா எங்கேயாவது நிற்கக் கண்டால் அதன் கதவை ஒருதரம் மெல்லச் சாத்திப் பாருங்கள். ஒருவேளை எங்கள் மாமா பூட்டிய கதவாக இருக்கலாம்.